வக்கார் பாயின் ஷூ

மெர்சி சித்தி எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் கொஞ்சம் தாமதிப்பாள். அங்கே கழற்றிவிட்டிருக்கும் ஷூக்களில் ஒன்றைக் கையில் எடுத்து, வளைத்து, உட்பக்கத் தையலைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். கல்யாண வீடு, துக்க வீடு, சர்ச் என்ற பேதம் கிடையாது. ஒருமுறை பாஸ்டரின் ஷூவை அப்படித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவரே வெளியே வந்துவிட்டார். இயேசு சீஷர்களின் காலைக் கழுவினார், நீ ஷூவைக் கழுவப் போகிறாயா என்று கேட்டார். தையல் விடப்போகுது ஐயா, மழைக்கு முன்னாடி மாத்திடுங்க என்று சொல்லிவிட்டுச் சித்தி உள்ளே போனாள்.

ஆம்பூரில் ஓர் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் சித்திக்கு வேலை. பத்தாவது முடித்ததும் தையல் லைனில் சேர்ந்தவள், இப்போது அந்த லைனுக்கே சூப்பர்வைசர். கம்பெனி பயிற்சிக்கூடம் ஒன்று தொடங்கியபோது அங்கே சொல்லித்தரும் வேலைக்கு ஆசைப்பட்டாள். டிப்ளமா வேண்டும் என்றார்கள். இரண்டு வருஷம் இடத்தை வைத்திருப்பதாக மேனேஜர் சொன்னார். பாலிடெக்னிக்கின் மாலை வகுப்போ மூன்று வருஷம். வேலையில் கற்றதை ஆதாரத்தோடு ஒரு ஃபைலாகக் கொடுத்தால், முதல் வருஷப் பாடங்களை முடித்ததாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு நேராக இரண்டாம் வருஷத்தில் சேர்ப்பார்கள் என்று நான்தான் விசாரித்து வந்து சொன்னேன்.

எங்கள் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். அதனால் ஃபைல் எழுதுவதும் என் தலையில் விழுந்தது. எந்தத் தோலுக்கு எந்த ஊசி, நூல் அறுந்தால் மிஷினில் எதைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். என்னிடம் யாராவது இப்படி ஒரு ஃபைல் கேட்டால் எதை வைப்பேன் என்று நடுவில் யோசனை வந்தது. மார்க்‌ஷீட்டைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை. சித்தியிடம் சொன்னேன்.

"நீ இப்பதான படிச்சு முடிச்சு வந்திருக்க. பேஜார் ஆவாத, எழுது" என்றாள்.

கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டோம். முன்பு தன் கையால் தைத்த பொருள் ஒன்றை வைத்து, அதில் கற்றதைச் சொல்ல வேண்டும். சித்தி தைத்ததெல்லாம் ஜெர்மனியில் நடந்துகொண்டிருந்தது. கம்பெனி கேட்டைத் தாண்டி ஒரு துண்டுத் தோல்கூட வெளியே வராது.

ரிஜெக்ட் ஆன ஷூக்கள் மட்டும் மூட்டையாகக் கடைக்குப் போகும். பஜாரில் அப்படி விற்கிற வக்கார் அகமது பாயிடம் போனோம். தான் தைத்ததைச் சித்தியால் கண்டுபிடிக்க முடியும். மற்றவர்கள் நூல் முனையை வெறுமனே சுட்டுவிடுவார்கள்; அவள் முடிச்சுப் போட்டுவிட்டுச் சுடுவாள். நேரம் போகிறது என்று திட்டு வாங்கியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பாய் மூட்டைகளை அவிழ்த்துக் கொட்டினார். சாயங்காலம் வரை புரட்டினோம். ஒன்றும் அகப்படவில்லை.

கிளம்பும்போது படிக்குக் கீழே கிடந்த ஒரு ஷூவைச் சித்தி வழக்கம்போல எடுத்து வளைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பாயின் சொந்த ஷூ. உள்ளே அவள் முடிச்சு இருந்தது. ஓரத்தில் தையலோடு தோல் பிளந்து, பசை வைத்து ஒட்டியிருந்தது.

பாய் சிரித்தார். "நீ தச்சதா அது? ரெண்டு வருஷமா உன்னத்தான் திட்டிக்கினு நடக்குறேன்."

இந்த மானக்கேட்டையா ஃபைலோடு கொண்டுபோய் வைப்பது என்று சித்தி தயங்கினாள். வேறு வழி இல்லை. பதிலுக்குப் புது ஜோடி தருவதாகச் சொன்னாள். காலுக்குப் பழகியது இதுதான், இதையே திருப்பிக் கொடு என்று சொல்லிவிட்டு, பாய் பாத்ரூம் செருப்போடு வீட்டுக்குப் போனார்.

பாலிடெக்னிக்கில் நடந்த நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். ஃபைலைப் படித்த ஆசிரியை மோகனா மேடம் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். தோலை வெட்டுவதற்கான அளவுப் படம், அதாவது பேட்டர்ன் வரைவது பற்றிக் கேட்டதற்கு, நான் அதைத் தொட்டதே இல்லை என்றாள் சித்தி. பிறகு மேடம் பிளந்த இடத்தில் விரலை வைத்து, இது யார் தப்பு என்று கேட்டார்.

"என்னுது மேடம். மெல்லிசுத் தோலு. அழகா இருக்கட்டும்னு நெருக்கி நெருக்கித் தச்சிட்டேன். ஓட்டை ஜாஸ்தியாகி, ஸ்டாம்பு கிழியிற மாதிரி கிழிஞ்சிடுச்சு."

"அதுக்கப்புறம் இப்படி ஆகலையா?"

"என் கையில ஆகல. புதுசா வர்ற பொண்ணுங்க கையில ஆவுது. அதுக்குத்தான சொல்லித்தர்ற வேலை கேக்குறேன்."

தையல் பாடங்கள் எல்லாம் கணக்கில் வந்தன. வரைபடப் பாடத்தை மட்டும் பரீட்சை எழுதித் தேற வேண்டும். இப்போது சித்தி இரண்டாம் வருஷம். தன் மகன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து வரைகிறாள், கோடு கோணினால் தானே சிரித்துக்கொள்கிறாள்.

ஷூ மட்டும் திரும்பி வரவில்லை. ஆதாரமாக வைத்தது கோர்ஸ் முடியும்வரை ஃபைலோடுதான் இருக்க வேண்டுமாம். அதற்குப் பிறகும் வகுப்பில் காட்ட வேண்டும் என்று மோகனா மேடம் கேட்டிருக்கிறார். சித்தியால் மறுக்க முடியவில்லை.

பஜாரில் பார்க்கும்போதெல்லாம் வக்கார் பாய் படிப்பு எப்படிப் போகிறது என்று விசாரிப்பார். நன்றாகப் போகிறது என்பாள் சித்தி. சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அவர் தன் ரப்பர் செருப்பைக் குனிந்து பார்ப்பார். பாலிடெக்னிக் பட்டறையில் அவள் தைத்துக் கொண்டுபோன புது ஜோடி பெட்டி பிரிக்காமல் அவர் கடையிலேயே இருக்கிறது.