வீட்டில் பேசும் மொழி

மார்க்கிடம் எதையாவது சொல்வதற்கு முன் அம்மா கையைத் துடைத்துக்கொள்வாள். கை ஈரமாக இருந்தாலும் சரி, காய்ந்து கிடந்தாலும் சரி, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரல் விரலாகத் துடைப்பாள். அப்பாவிடம் பேசும்போது இப்படிச் செய்யமாட்டாள். நடாலியைத் திட்டும்போது மாவுக் கையை அப்படியே ஆட்டி ஆட்டித் திட்டுவாள். மார்க்கிடம் மட்டும்தான் இது. துடைத்து முடித்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “மார்க், ஈட்” என்பாள். சில நாள் “மார்க், பாத்”. அவ்வளவோடு சரி.

நடாலி இதை ஏழு வருடங்களாகப் பார்த்து வந்தாள். முதலில் சுத்தம் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தாள். மூன்று வருடங்கள் போன பிறகே புரிந்தது. துடைக்கிற அந்த நேரத்துக்குள் அம்மா இங்கிலீஷ் வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அம்மாவின் பெயர் மகதலேனா. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு முடிந்துவிட்டது. அப்பா கிரிகரி போர்ட் கிள்ளான் கிடங்கு ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். ஷிஃப்ட் வேலை என்பதால் வாரத்தில் பாதி நாள் வீட்டில் தூங்குகிற மனிதராகவே இருந்தார். நடாலி அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் வேலை. அவளைவிடப் பதினோரு வயது இளைய தம்பி மார்க். ஐந்து வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். இப்போது அவனுக்குப் பன்னிரண்டு.

மகதலேனா வாயில்லாதவள் இல்லை. கிள்ளானில் அவர்கள் வீட்டுப் பின்பக்கக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தனலெட்சுமி இருந்தாள். இரண்டு பேரும் துணி காயப்போட வந்தால் துணி காய்ந்து முடிகிறவரை பேச்சு முடியாது. பாசாரில் காய்கறி விலை, கோயில் திருவிழா, மருமகள், மூட்டுவலி எல்லாம் வேலியைத் தாண்டிப் போய்வரும். அந்த நேரத்தில் மார்க் துணி துவைக்கும் மெஷினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கண்ணாடிக்குள் சுற்றும் துணியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் பார்க்க மட்டும்தான் செய்கிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவ்வளவு பேசுகிறவள் பெற்ற பிள்ளையிடம் நாலு வார்த்தையோடு நின்றுபோனதற்குக் காரணம் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ஒரு பேச்சுப் பயிற்சி மையம். அங்கேதான் மார்க்கை முதன்முதலில் கூட்டிப்போனார்கள். நடாலி அப்போது பள்ளியில் நாலாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஷிஃப்ட். அதனால் படிவம் நிரப்பும் வேலை அவள் தலையில் விழுந்தது. வரவேற்பறையில் பக்கத்து நாற்காலியில் அவளுடைய பள்ளியில் படிக்கும் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். தாயும் மகளும் இங்கிலீஷில் சளசளவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் எட்டி நடாலியின் மடியில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். ‘வீட்டில் பேசும் மொழி’ என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டிருந்த கட்டத்தில்தான் பேனா அப்போது நின்றிருந்தது.

நடாலி ‘இங்லிஷ்’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள்.

“என்னா பிள்ள எழுதினே?” என்று அம்மா கேட்டாள்.

“சும்மா ஃபார்ம்லா மா. வயசு, அட்ரஸ்.”

உள்ளே இருந்த மிஸ் படிவத்தைப் படித்துத் தலையாட்டினார். வீட்டில் இங்கிலீஷ் என்றால் நல்லதாகப் போயிற்று, அந்த ஒரே மொழியோடு நில்லுங்கள், கலக்காதீர்கள், பிள்ளை குழம்புவான் என்றார். நடாலிக்கு முகம் சுட்டது. ‘இல்லை மிஸ், எங்கள் வீட்டில் தமிழ்தான்’ என்று சொல்ல அந்த அறையில் போதுமான நேரம் இருந்தது. அவள் அம்மா பக்கம் திரும்பி, “இனிமே அவன்கிட்ட இங்கிலீஷ் மட்டும்தான் பேசணுமாம்,” என்றாள்.

“எனக்குத் தெரிஞ்சது நாலு வார்த்தைதானேடி.”

“அந்த நாலையும் பேசுங்க. போதும்.”

மகதலேனா சொன்னால் சொன்னதுதான். அன்று முதல் அவனைத் தூங்கவைக்கப் பாடுவதை நிறுத்தினாள். வீட்டில் செபமாலை சொல்லும்போது கலந்துவிடக் கூடாதே என்று பயந்து, அப்பாவோடு அவனை வாசலுக்கு அனுப்பிவிட்டாள். மார்க் கேட்ட வார்த்தையைத் திருப்பிச் சொல்வான். “ஈட்” என்றால் “ஈட்”. “பாத்” என்றால் “பாத்”. ஏழு வருடங்கள் தாயும் மகனும் ஒரே வார்த்தையை ஆளுக்கொரு முறை சொல்லிக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இந்த வருடம் மார்ச் மாதத்தில் அவன் சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தான். வழக்கமாக வெள்ளைச் சோறும் பொரித்த நெத்திலியும் இருந்தால் போதும் அவனுக்கு. அதையும் தொடவில்லை. இரண்டாம் நாள் முஷ்டியை மடக்கித் தன் கன்னத்திலேயே குத்திக்கொண்டான். தடுக்கப்போன அப்பாவின் கையில் பல் பதிந்தது. கிளினிக்கில் டாக்டர் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். திறக்கவில்லை. “வயசுக்கு வர்ற நேரம், அப்படித்தான் இருக்கும்லா,” என்று தூக்க மருந்து எழுதித் தந்தார். இப்படியே போனால் பள்ளியில் சேர்க்கமாட்டார்கள், ஏதாவது விடுதியில் விடச் சொல்வார்கள் என்று அப்பா வாசலில் நின்று முணுமுணுத்தார்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை. நடாலி கூடத்தில் அவன் முன்னால் மண்டியிட்டு, இணையத்தில் படித்த முறைப்படி, படம் போட்ட அட்டைகளைப் பரப்பினாள்.

“மார்க், வேர் பெய்ன்? ஷோ மீ.”

“ஷோ மீ,” என்று சொல்லிவிட்டு மறுபடி கன்னத்தில் குத்திக்கொண்டான்.

“வேர், மார்க்? ஹெட்? ஸ்டமக்?”

“ஸ்டமக்.” மறுபடியும் ஒரு குத்து.

சமையலறை வாசலில் நின்ற மகதலேனா அடுப்பை அணைக்காமலேயே வந்தாள். அட்டைகளைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“மா, இங்கிலீஷ்ல—”

“நீ சும்மா இரு. இங்கிலீஷாவது கிங்கிலீஷாவது. பெத்த பிள்ள செத்துக்கிட்டு இருக்கான்.” பிறகு அவனிடம், “என்னா ராசா, எங்கய்யா வலிக்குது? அம்மாகிட்ட சொல்லு சாமி. எங்க வலிக்குது?”

மார்க்கின் கை இழுப்பது நின்றது. அவன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் எவர் முகத்தையும் பார்ப்பதில்லை. அவள் வாயைப் பார்த்தான். பிறகு, வேலிக்கு அந்தப் பக்கத்துக் குரலில், அதே இழுவையோடு, சொன்னான்:

“கடவாப் பல்லுக்கா. உயிரு போவுதுக்கா.”

போன மாதம் முழுக்கத் தனலெட்சுமி வேலியைப் பிடித்துக்கொண்டு புலம்பிய வார்த்தை. ‘அக்கா’ முதற்கொண்டு ஒன்று குறையவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நடாலி உட்கார்ந்திருந்தாள். அம்மா இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

“வாயத் தொறடா என் அக்கா மகனே,” என்றாள். அவன் திறந்தான்.

பல் டாக்டர் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் கட்டியிருப்பதைக் கண்டுபிடித்தார். மயக்கம் கொடுத்துப் பல்லை எடுத்தார்கள். பல் எடுத்த நாலாம் நாள் மார்க் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். வீட்டில் யாரும் விடுதியைப் பற்றிப் பேசவில்லை.

ஏப்ரலில் அம்மா, நடாலி, மார்க் மூவரும் கொம்யூட்டர் ரயிலில் பிரிக்ஃபீல்ட்ஸ் போனார்கள். பழைய மிஸ் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்தில் குகன் என்ற இளைஞர் இருந்தார். கடைவாய்ப் பல் கதையைக் கேட்டு மேசையில் தட்டிச் சிரித்தார்.

“இதுதான் ஆன்டி மார்க் பேசுற விதம். முழு வாக்கியமா சேத்து வச்சிருக்கான். சரியான இடத்துல எடுத்து விட்டான் பாருங்க. நீங்க வீட்ல அவன்கிட்ட என்ன மொழி பேசுறீங்க?”

“இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும்னாங்க தம்பி. எனக்கு அது வராது. அதனால பேசுறதே இல்ல.”

“யாரு சொன்னா? இப்பல்லாம் நாங்க அப்படிச் சொல்றதில்ல. உங்க வாயில எது தானா வருதோ அதுல பேசுங்க.” சொல்லிக்கொண்டே பழைய கோப்பைப் புரட்டினார். “ஆனா இங்க வீட்டு மொழி இங்கிலீஷ்னு இருக்கே.”

கோப்பை அம்மா பக்கம் திருப்பி வைத்தார். மகதலேனாவால் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாது. ஆனால் அந்தக் கையெழுத்து அவளுக்குத் தெரியும். ‘ஜி’ எழுத்தின் வாலைச் சுழித்து மேலே ஏற்றிவிடுவது நடாலியின் வழக்கம். பள்ளிக்கூட நோட்டுகளைப் பார்த்து, “தூண்டில்முள்ளு மாதிரி எழுதுறா என் மக” என்று தனலெட்சுமியிடம் பெருமையடித்தவள். அவள் விரல் அந்த வாலின் மேல் போய் நின்றது. நடாலி சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள்.

“வழக்கமா இத வீட்ல உள்ளவங்கதான் எழுதுவாங்க...” என்று குகன் ஆரம்பித்தார்.

“இல்ல தம்பி. அந்த மிஸ்தான் எழுதுனாங்க. நான் பக்கத்துலதானே இருந்தேன். பாவம், எத்தன பிள்ளைங்களப் பாக்கிறாங்க, அவசரத்துல மாத்தி எழுதிட்டாங்க போல.”

அம்மா பொய் சொல்லி நடாலி கேட்டதே இல்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போது, சொல்ல என்ன பாவம் இருக்கிறது என்று விரல்விட்டுத் தேடுகிற பெண் அவள்.

திரும்பி வரும் ரயிலில் மகதலேனா மகன் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ளான் வரை வாய் மூடவில்லை. ஸ்டேஷன், லோரி, மழைமேகம், எதிரில் தூங்குகிற மனிதர், ஒன்றையும் விடவில்லை. நடாலி கதவோரம் நின்றாள். இடையில் ஒருமுறை அம்மா நிமிர்ந்து, “இவனுக்கு ஏழு வருசப் பேச்சு பாக்கி வச்சிருக்கேன்டி. எப்ப பேசி முடிக்கப் போறேனோ,” என்றாள். குற்றம் சொல்லும் குரலாக இருந்திருந்தால் நடாலிக்கு எளிதாக இருந்திருக்கும்.

இப்போது மாதங்கள் ஏழெட்டு ஆகிவிட்டன. அந்தக் கோப்பைப் பற்றி அம்மா அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அறியாத வயது என்று நடாலி தனக்குச் சொல்லிப் பார்த்தாள். பதினாறு வயதில் தவறிவிட்டது, சரி. பதினேழில்? பல்கலைக்கழகத்தில் மொழியைப் பற்றியே கட்டுரை எழுதிப் பாராட்டு வாங்கிய இருபத்தொன்றில்? அம்மாவுக்குத் தெரியும் என்று தெரிந்துவிட்ட இருபத்துமூன்றில்? ‘அம்மா, அந்த ஃபார்ம்ல எழுதினது நான்.’ ஐந்தே வார்த்தைகள். அலுவலகம் போகும் வழியில் தினமும் சொல்லிப் பார்க்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், இன்று சொல்லிவிடுவது என்று சமையலறைக்குப் போனாள். அம்மா மார்க்கை எதிரில் உட்காரவைத்து, கோழிக்கறி எப்படி வைப்பது என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். நடாலி நிற்பதைக் கண்டு பேச்சை நிறுத்தினாள்.

“என்னாடி?”

“ஒண்ணுமில்லமா,” என்று நடாலி கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினாள்.