மாணிக்கத்தின் குரலை நான்தான் கெடுத்தேன்

ஆம், நான்தான் செய்தேன். புதுவயல் மாணிக்கத்தின் குரலைக் கெடுத்தவன் நான். குடியல்ல, காய்ச்சலல்ல, கண்ணேறும் அல்ல... என்னுடைய இந்த விரல்கள்! தெரிந்தே செய்தேன். செய்தபோது மகிழ்ந்தேன்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. மன்னிப்பு என்று யாராவது வாயெடுத்தால் எனக்குக் கோபம்தான் வரும். முழுவதையும் கேளுங்கள். பிறகு காறித் துப்புவதானாலும் துப்புங்கள்.

அறுபதுகளில் நான் காரைக்குடியில் மைக் செட் வைத்திருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா... எங்கே ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வேண்டுமென்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குழாய் கட்டுவது பெரிய வித்தையில்லை. எந்த நேரத்துக்கு எந்த இசைத்தட்டைப் போடுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாப்பிள்ளையின் கார் தெருமுனையில் திரும்பும்போது ஒரு பாட்டு, பந்தி உட்காரும்போது ஒரு பாட்டு, பெண்ணை அனுப்பும்போது வேறொன்று. மாற்றிப் போட்டால் வீடே முகம் சுளிக்கும். நான் ஒருநாளும் மாற்றிப் போட்டதில்லை. எனக்கு அதில் கர்வம் உண்டு. இன்றும் உண்டு!

கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் அந்த வீட்டில் இருந்த அத்தனை விளக்குகளையும் ஒரேயடியாகப் போட்டுவிட்டார்கள். கரண்ட் தாழ்ந்தது. சுற்றிக்கொண்டிருந்த தட்டு தளர்ந்தது. தூக்கக் கலக்கத்தில் பேசுகிறவன் குரல்போலப் பாட்டு இழுத்தது. இதில் என் குற்றம் என்ன? சொல்லுங்கள், என் குற்றம் என்ன?

அன்று மாலைக் கச்சேரிக்குப் பாட வந்தவன் மாணிக்கம். நாடக மேடையில் ராஜா வேஷம் கட்டியவன். கனத்த குரல். அவன் பாடினால் கடைசி வரிசைக்கு மைக் தேவையில்லை. அவன் நேராக வந்து என் மைக்கைப் பிடுங்கினான்.

“ஏ தட்டுக்காரவுகளே! பாட்டுக்கு வயித்தால போகுதா? இங்குட்டுக் கொண்டாங்க, நான் கைத்தாங்கலாப் பிடிச்சுக்கிறேன்!”

அதோடு விட்டானா? அதே வரியை அதே இழுவையில், கள் குடித்தவன்போல ஆடி ஆடிப் பாடிக் காட்டினான். பந்தலே சிரித்தது. ஆச்சிமார்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தான். ஓரத்தில் சோடா உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த என் அப்பாவும் சிரித்தார்... கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அன்றிலிருந்து என் பெயர் ‘இழுவை’. “இழுவை வந்துட்டாரா? குழாய் கட்டிட்டாரா?” என்று வாசலிலேயே கேட்பார்கள். வலையபட்டியில் பெண் பார்க்கப் போனேன். பெண்ணின் தாய்மாமன் என்னைப் பார்த்ததும், “அட, நம்ம இழுவையா!” என்றார். உள்ளேயிருந்து பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று.

மாணிக்கத்துக்கு அது மறுநாளே மறந்துவிட்டது. என்னைப் பொசுக்கியது அதுதான்! வழியில் பார்த்தால், “என்னண்ணே, சௌக்கியமா இருக்கீகளா?” என்பான். வாஞ்சையாகத்தான் கேட்பான். அவனுக்கு நினைவில்லாத ஒன்றை நான் மட்டும் சுமந்துகொண்டு திரிந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், கோட்டையூர்க்காரர் ஒருவர் சென்னையில் இசைத்தட்டு வெளியிடும் தொழில் தொடங்கினார். என்னை அழைத்துக்கொண்டார். எந்தப் பாட்டுக்குக் கூட்டம் இலையை விட்டுத் தலைதூக்கும், எந்தப் பாட்டுக்குக் கிழவிகள் கண்ணைத் துடைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும் அல்லவா? பாடுபவரைத் தேர்ந்தெடுத்தேன். மெட்டுப் போடுகிறவரை விரட்டினேன். பதிவுக்கூடத்தில் என் சொல்லே கடைசிச் சொல். தட்டின் உறையில் என் பெயர் வந்தது. முழுப் பெயர்!

ஒருநாள் மாணிக்கம் என்னைத் தேடி வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

“ஊரெல்லாம் பாடிட்டேண்ணே. ஒரே ஒரு தட்டு வந்துட்டாப் போதும். நான் செத்த பெறகும் புதுவயல்ல என் பாட்டுக் கேக்கும்ல? நீங்க மனசு வச்சா நடக்கும்.”

மனசு வைத்தேன்.

பதிவு செய்யும் டேப் மிஷினில் ஓட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. அவன் பாடத் தொடங்குமுன் அதைத் திருகி ஓட்டத்தைச் சற்றே குறைத்தேன். மெதுவாக ஓடவிட்டுப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலேறும், மெலிந்துபோகும். அதிகமாகச் செய்யவில்லை. கேட்டால் மாணிக்கம் என்றுதான் தெரியும்... ஆனால் கனம் போய்விடும். ராஜா போய்விடுவார்.

என்ன பாட்டுப் பாடினான் தெரியுமா! முருகன்மேல் ஒரு பாட்டு. கூடத்தைப் பெருக்க வந்தவள் விளக்குமாற்றோடு நின்றுவிட்டாள். என் விரல் ஒருமுறை திருகின்மேல் போயிற்று. நிறுத்தி மறுபடி பாடச் சொல்லலாமா என்று நினைத்தேன். பாடி முடித்துக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். கோட்டையூர்ப் பந்தலில் சிரித்த அதே வாய்... விரலை எடுத்துவிட்டேன்.

வாத்தியக்காரர்கள் அடுத்த பதிவுக்கு ஓடிவிட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் கேட்டோம். அவன் முகம் வெளுத்தது.

“அண்ணே... இது நான் இல்லையே!”

நீங்களே யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் தன் குரலை மிஷினில் கேட்டவர்கள் எத்தனை பேர்? முதன்முதலாகக் கேட்ட ஒவ்வொருவரும் ‘இது நான் இல்லை’ என்றுதான் சொன்னார்கள். நாங்களும் சிரித்து, சமாதானம் சொல்லுவோம். அதைத்தான் அவனுக்கும் சொன்னேன்.

“எல்லாரும் இதைத்தான் சொல்றாக, மாணிக்கம். நம்ம குரல் நமக்கு உள்ளேயிருந்து கேக்கும். வெளியில இருக்கவுகளுக்கு இப்புடித்தான் கேக்கும்.”

“அப்ப... இத்தனை வருசமா எல்லாரும் இதையா கேட்டாக?”

“ஆமா.”

அவன் நம்பினான். ஐயோ, எவ்வளவு எளிதாக நம்பினான்!

தட்டு வெளிவந்தது. காரைக்குடிப் பக்கத்துக் குழாய்களிலெல்லாம் முதலில் அதைப் பெருமையாகப் போட்டார்கள். பிறகு சிரிப்பதற்காகப் போட்டார்கள். மெட்ராஸ் மிஷினிலேயே இப்படி விழுந்ததென்றால் ஆளுக்குத் தொண்டை போய்விட்டது என்று ஊர் முடிவுகட்டியது. மிஷினைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு திருவிழாவில் அவன் மேடையேறி, குரலை வலிந்து கீழே இறக்கப் பார்த்து, பாதியில் உடைந்து இறங்கிவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் நாள் போகப் போக ஒரு குறை அரித்தது. அடித்தது யாரென்று தெரியாமல் அடி வாங்கியவனிடம் என்ன பழி தீர்ந்துவிடும்? அவனுக்குத் தெரிய வேண்டும்! நான்தான், எதற்காக, எப்படி என்று அவன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும்! அதற்காகவே சில ஆண்டுகள் கழித்துப் புதுவயலுக்குப் போனேன். மனம் திருந்தி அல்ல. அறுவடையை எடுக்கப் போனேன்.

அரிசி ஆலையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். பேச்சு மிகவும் தணிந்திருந்தது. ஆலைச் சத்தத்தில் அவன் வாயருகே காதை வைத்துத்தான் கேட்க முடிந்தது. வீட்டுக்கு இழுத்துப் போனான்.

“நீங்க மட்டும் காட்டிக் குடுக்கலேன்னா, நான் பாட்டுக்கு ஊரை ஏமாத்திக்கிட்டே திரிஞ்சிருப்பேண்ணே” என்றான். “மத்தவுக எல்லாம் மொகத்துக்கு நேரா நல்லாருக்குன்னாக. நீங்க ஒருத்தருதான் நெசத்தைச் சொன்னீக.”

அடுப்படியில் யாரோ முனகிப் பாடும் குரல். பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண். அவன் மகள். அந்த வயதிலேயே என்ன கனம், என்ன ஆழம்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாணிக்கம் அங்கிருந்தே அதட்டினான். “வாயை மூடு கழுதை! என் தொண்டைதான் ஒனக்கும். ஊரு சிரிக்கணுமா?”

பாட்டு நின்றது. அந்தப் பெண் கதவருகே வந்து என்னையே பார்த்தாள். தட்டுப் போடுகிற மாமா என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“மாமா, எங்கப்பா கொரலு நெசமாவே அப்புடித்தானா?”

மாணிக்கம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். சொல்ல வந்ததைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்குமா? ஒரு வார்த்தை போதும். அவனுக்கும் குரல் கிடைத்திருக்கும், அவளுக்கும் கிடைத்திருக்கும். எனக்கு வெறுப்பு மிச்சமிருந்ததா, பயம் வந்துவிட்டதா... இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

“அப்புடித்தான் தாயி” என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டு உள்ளே போனாள். மாணிக்கம் எழுந்துபோய் இலை நறுக்கி வந்தான். அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.