பொது வரப்பும் செம்புக் கம்பியும்

என் மனைவி காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். நான் பன்னிரண்டாவதோடு நின்றவன்; திருப்புலிவனத்தில் நெல் பயிர் வைக்கிறேன். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுவதைச் செல்போனில் பார்த்தே கற்றுக்கொண்டேன். இதை யார் கேட்டாலும் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அவளுடைய ஆராய்ச்சியை ஊரில் நான் இப்படித்தான் விளக்குவேன். ஒரு தகட்டில் மெல்லிய செம்புக் கம்பிகளை வரிசை நடவு மாதிரி ஒரே இடைவெளியில் பதிக்கிறார்கள். அதன்மேல் வந்து விழும் மின்காந்த அலை கம்பிகளின் இடைவெளியைவிட ரொம்ப நீளம். அதற்குக் கம்பி தனித்தனியாகத் தெரியாது. பஸ்ஸில் போகிறவனுக்கு நாற்றா தெரிகிறது, வயல்தானே தெரிகிறது? அதனால் தகடு முழுவதையும் ஒரே பொருளாக நினைத்து, அது அலையிடம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஓர் எண்ணில் சொல்லலாம். எல்லாக் கம்பியையும் கணக்கிட வேண்டாம். தகட்டைச் சமமான கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் போதும். மற்றதெல்லாம் அதன் நகல்.

அந்த ஒரு கட்டத்தை வரைந்து புரோகிராம் எழுதிக் கொடுத்தவன் நான்.

லேபில் அளந்த எண்ணும் எங்கள் எண்ணும் ஒட்டவில்லை. எப்போதும் ஒரே பக்கமாக விலகியது. திங்கட்கிழமை பேராசிரியரிடம் காட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் அந்த அத்தியாயமே போய்விடும், பட்டம் இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஞாயிறு காலையில் அவள் கொல்லை வாசல்படியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது.

நான் கொல்லையை ஒட்டிய வரப்பில் சண்டையில் இருந்தேன். பக்கத்து நிலத்துக்காரன், என் வயதுதான், எங்கள் இருவருக்கும் நடுவில் இருக்கும் வரப்புப் புல்லை மொத்தமாக அறுத்துவிட்டான்.

"இன்னா மச்சான், முழுசா வழிச்சிட்டியே. என் மாடு மண்ணையா தின்னும்?"

"என் வரப்புபா."

"எங்கப்பா காலத்துலேர்ந்து என் அளவுல கீது."

"என் அளவுலயுந்தான் கீது. ரெண்டு பேரு அளவுலயும் முழுசா இருந்தா, ரெண்டு வரப்பு இருக்கணும்ல? இன்னொண்ணு எங்க கீது, காட்டு பாக்கலாம்."

எங்கள் பக்கம் நிலத்தை யார் அளந்தாலும் இந்தக் கடைசி வரப்பிலிருந்து அந்தக் கடைசி வரப்புவரை, இரண்டு வரப்பையும் சேர்த்துத்தான் சொல்வார்கள். நான் வரப்பின் அகலத்தைக் காலால் அளக்க ஆரம்பித்தேன்.

"ஏங்க," என்று படியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்; எங்கள் சண்டை அவள் காதில் விழுந்திருந்தது. "கட்டத்துக்கு இடது ஓரத்துல ஒரு முழுக் கம்பி வெச்சீங்க. வலது ஓரத்துல?"

"ஒரு முழுக் கம்பி."

"பக்கத்துக் கட்டத்துக்கு?"

"அதுக்கும் அப்படியேதான்."

கட்டங்களை ஒட்டி அடுக்கியதும் ஓரத்து இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஒரே தடிக் கம்பியாகியிருந்தன. லேபில் இருந்த தகட்டில் அப்படி ஒரு தடிக் கம்பி கிடையாது.

ஓரத்துக்குப் பாதிக் கம்பி என்று மாற்றினேன். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் எண்கள் ஒட்டிவிட்டன. அவள் சிரிக்கவில்லை. ஆறிய காப்பியை எடுத்துக் குடித்தாள்.

திங்கட்கிழமை அத்தியாயம் தப்பித்தது. வரப்புப் புல்லில் ஆளுக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டேன், வேறு வழியில்லை. ஆய்வேட்டின் நன்றியுரையில் பக்கத்து நிலத்துக்காரர் முதலில் வருகிறார். நான் அதற்கு அடுத்த வரி.