இராகு காலத்துப் பார்சல்கள்

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு கடை இருக்கிறது. பிளாஸ்டிக் வாளி, செருப்பு, குடை, சுளகு, பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல் என்று ஒரு வீட்டுக்கு வேண்டியதில் பாதி அங்கே தொங்கும், மீதி அடுக்கியிருக்கும். கல்யாணமான நாள் முதல் என் கணவரும் நானும் அதில்தான் நின்றோம். அவர் மேசையில், நான் வாசலில். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கடை பிழைத்தது என்னுடைய வாயால் என்று நான் சொல்வேன். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பஞ்சாங்கத்தால் பிழைத்தது என்பார்.

அவர் நேரம் பார்க்கிற மனிதர். கொழும்பிலிருந்து சாமான் லொறி இராகு காலத்தில் வந்து நின்றால் ஒரு பெட்டியையும் இறக்க விடமாட்டார். சாரதி எதிரே இருக்கும் தேத்தண்ணிக் கடையில் குந்தியிருந்து, வடை தின்று, பத்திரிகையை மரண அறிவித்தல் வரைக்கும் வாசித்து முடித்த பிறகுதான் முதல் பெட்டி எங்கள் வாசற்படியைத் தாண்டும். "கெட்ட நேரத்திலை உள்ளுக்கை வந்த சாமான் லேசிலை விலைப்படாது" என்பது அவருடைய வியாபாரச் சாத்திரம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஊரோடு ஒத்து வாழ வேண்டும், அதைவிட வீட்டுக்காரரோடு ஒத்து வாழ வேண்டும் என்று பேசாமல் இருந்தேன்.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. கடைக்கு வருகிற சனம் சாமானைத் தூக்கிப் பார்க்கும், தட்டிப் பார்க்கும், பிறகு போனைத் தட்டும். "இருங்கோ அக்கா, இதிலை என்ன விலையெண்டு பாப்பம்" என்பார்கள். ஒரு நாள் ஒரு பெண் எங்கள் குடை ஒன்றை விரித்துச் சுழற்றிப் படம் எடுத்துவிட்டு, மடிக்காமலே வைத்துவிட்டுப் போனாள். வாங்காமல் போனது பரவாயில்லை. அந்தக் குடையை நான் மடித்து வைக்கும்போது வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல.

அந்தக் காலத்தில்தான் கண்டி வீதியோரம் ஊர் முடிகிற இடத்தில் அந்தப் பெரிய களஞ்சியம் எழும்பியது. போனில் வாங்குகிற சாமான்கள் எல்லாம் இனி அங்கேயிருந்துதான் வீடுகளுக்குப் போகும் என்றார்கள். தென்மராட்சி முழுக்க வேலை கிடைக்கப் போகிறது என்று ஒரே கதை. சண்டிலிப்பாயிலிருந்தும் பருத்தித்துறையிலிருந்தும்கூடப் பொடியள் சான்றிதழ்களோடு வந்து வெயிலில் நின்றார்கள். கடைசியில் பார்த்தால் உள்ளே யந்திரங்கள்தான் வேலைக்காரர். தட்டையான யந்திரங்கள் தரையில் ஓடிப் போய், சாமான் அடுக்கிய ராக்கையை அப்படியே தூக்கிக்கொண்டு வரும். விலாசத்தைப் படிப்பதும் யந்திரம், பிரிப்பதும் யந்திரம். பின்னொரு நாள் நான் உள்ளே போய்ப் பார்த்தபோது பாதி இடம் இருட்டாகக் கிடந்தது. கண்ணில்லாதவைக்கு வெளிச்சம் எதற்கு என்று விளக்கைப் போடவில்லையாம்.

திறப்பு விழாவை மட்டும் குறைவில்லாமல் செய்தார்கள். ஐயரைக் கூப்பிட்டு, நாள் பார்த்து, பால் காய்ச்சி, தேங்காய் உடைத்து, அந்த யந்திரங்கள் ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்களாம். என் கணவருக்கு இது பெரிய ஆச்சரியம். "மிசினுக்கும் நேரம் பாக்கிறாங்கள்" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உள்ளே வேலை கிடைக்காத ஊர் வெளியே வேலை தேடிக்கொண்டது. அந்த வாசலைச் சுற்றி இரண்டு தேத்தண்ணிக் கடை, ஒரு ரயர் ஒட்டுகிற கடை, லொறிச் சாரதிகள் படுக்க வாடகை அறைகள். களஞ்சியத்திலிருந்து கழித்துவிடும் அட்டைப் பெட்டிகளை வாங்கி, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அடுக்கிக் கொழும்புக்கு அனுப்பத் தொடங்கினார்கள் தோட்டக்காரர். எங்களைப் போன்ற கடைகள்தான் காய்ந்தன. செருப்புக் கடை பூட்டியது. பாத்திரக் கடை பாதியாகச் சுருங்கியது. எங்கள் கடையில் இவரும் நானும் ஆளையாள் பார்த்துக்கொண்டு நின்றோம். நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்கிற மாதிரி நான் நாள் முழுக்கத் தூசி தட்டினேன்.

பார்சல் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேவை, ஸ்கூட்டி ஓடத் தெரிந்த பெண்களும் வரலாம் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். நான் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுப் போனால் போகவே விடமாட்டார் என்று தெரியும்.

"எங்களைக் கவிட்டவங்களிட்டையே சம்பளத்துக்குப் போறீரோ?" என்றார்.

"கவிட்டது அவங்களில்லை. அண்டைக்குக் குடையை மடிக்காமல் போனாளே, அவள்தான்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "போம். நான் மறிக்கேல்லை. ஆனா அந்த ஸ்ரோரிலையிருந்து ஒரு ஊசியெண்டாலும் என்ரை வாசற்படி தாண்டக் கூடாது. சொல்லிப்போட்டன்" என்றார். நானும் சரியென்றேன்.

அந்த வேலை எனக்குப் பிடித்துப் போயிற்று என்பதை ஒளிக்க மாட்டேன். இத்தனை வருடமும் சனம் என் வாசலுக்கு வந்தது, இப்போது நான் அவர்களுடைய படலைகளுக்குப் போனேன். எந்த வீட்டு நாய் குரைக்கும், எது கடிக்கும், எந்த ஒழுங்கைக்குள் திரும்பினால் காலையில் தோசை மணக்கும் என்று எல்லாம் தெரிந்தது. கடையில் என்னோடு பேரம் பேசிச் சண்டை பிடித்த பெண்கள் இப்போது மோர் தந்தார்கள். ஒரு மாரி முழுக்க இவருடைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடினேன். கோட்டின் கை முழங்காலைத் தொட்டது. பிள்ளைகள் என்னைக் கண்டு 'பூச்சாண்டி' என்று கத்தினார்கள். மாதம் முடிய வீட்டுக்கு வருகிற சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதை நானும் சொல்லிக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஒரேயொரு கரைச்சல்தான். எந்தப் படலைக்கு முதலில் போக வேண்டும், எதற்குப் பிறகு போக வேண்டும் என்பதைக் களஞ்சியத்து யந்திரம் முடிவு செய்து போனில் போட்டுவிடும். அந்த ஒழுங்கு மாறக் கூடாது. வாங்குகிறவரின் கை பார்சலில் பட்டிருக்கப் படம் எடுத்து அனுப்பினால்தான் கொடுத்ததாகக் கணக்கு. தன் கையையே வைத்துப் படம் எடுத்த ஒருவர் பிடிபட்டு வேலையிழந்து வீட்டுக்குப் போனார். வாங்காவிட்டால் 'மறுத்துவிட்டார்' என்று ஒரு பொத்தான் உண்டு. பிறகு வருகிறேன் என்பதற்குப் பொத்தான் இல்லை. மறுப்புகள் கூடினால் அந்தப் பகுதியை என்னிடமிருந்து எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சந்தனப் பொட்டு வைத்த யந்திரத்துக்கு இராகு காலம் தெரியாது. எங்கள் சனத்துக்கு அது மனப்பாடம். அண்டா வாங்கினாலும் அரைஞாண் வாங்கினாலும் புதுச் சாமான் கெட்ட நேரத்தில் வீட்டுக்குள் வரக் கூடாது. வெள்ளிக்கிழமை முற்பகலில் நான் படலையில் நின்று கூப்பிட்டால், உள்ளேயிருந்து கை மட்டும் வந்து ஆட்டும். "இப்ப வேண்டாம் பிள்ளை, இராகு காலம். ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வா." சுத்திப்போட்டு வர நான் என்ன தேரா?

இதற்கு வழி கண்டவர் ஒழுங்கை முகப்பில் இருந்த ஒரு அக்கா. குருநகர்ப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம், மீன் வியாபாரத்துக்காக இங்கே வந்து வீடு கட்டியவர்கள். நான் படலை படலையாகக் கெஞ்சுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு நாள் கூப்பிட்டார்.

"இஞ்சை கொண்டந்து வையும் தங்கச்சி. நாங்கள் வேதக்காரர், எங்களுக்கு இராகுவும் இல்லை, கேதுவும் இல்லை. நேரம் போனாப் பிறகு அவையள் வந்து எடுக்கட்டும்."

அன்றிலிருந்து இராகு காலத்தில் ஒழுங்கைச் சனத்தின் பார்சல் எல்லாவற்றையும் அந்த அக்காவின் கைதான் வாங்கியது. எத்தனை பேருடைய பொருளுக்கு ஒரே கை என்று யந்திரம் கேட்கவில்லை. நல்ல நேரம் தொடங்கினால் அவர் வீட்டு விறாந்தையில் சனம் கூடிவிடும். பார்சல் எடுக்க வருகிறவர்கள் அவரிடம் கருவாடும் வாங்கிப் போனார்கள். வெள்ளிக்கிழமையில் மட்டும் கருவாடு போகாது என்று அவர் என்னிடம் குறைபட்டுக்கொள்வார்.

போன ஆவணியில் அந்த அக்கா குடும்பத்தோடு மாதா கோவில் திருவிழாவுக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்கிவிட்டார். போகும்போது, "உமக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துறன்" என்றார். மெழுகுதிரி எரிந்ததோ என்னவோ, இங்கே என்னுடைய பிழைப்புத்தான் எரியத் தொடங்கியது. திங்கட்கிழமை முதல் ஒன்றன் பின் ஒன்றாக மறுப்பு. வியாழக்கிழமை மாலை போனில் எச்சரிக்கை வந்தது. இன்னும் ஒரு பார்சல் மறுக்கப்பட்டுத் திரும்பினால், அடுத்த கிழமையிலிருந்து என் பகுதி வேறொருவருக்கு.

அன்றிரவு சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். எனக்கு அழுகை வரும்போலிருந்தது. அவர் புட்டைப் பிசைந்துகொண்டே "ம்" என்றார். அவ்வளவுதான். வேலை போனால் அவருக்குச் சந்தோஷம்தானே, மறுபடி இரண்டு பேருமாகத் தூசி தட்டலாம் என்று மனதுக்குள் பொருமிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. களஞ்சியத்தில் பார்சல்களை எடுத்து அடுக்கும்போது பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறவையாக இருந்தன. மனம் கொஞ்சம் ஆறியது. மாதச் சம்பளக்காரர் வேலை நேரத்தில் இராகு காலம் பார்ப்பதில்லை. அப்போதுதான் ஒரு பார்சலில் இவருடைய பெயரைக் கண்டேன். அதே பெயரில் வேறு யாரோ என்று நினைத்தேன். விலாசத்தைப் பார்த்தால் எங்கள் கடை. போனைப் பார்த்தால், அதன் முறை வருவது இராகு காலத்தின் நட்டநடுவில்.

வழி முழுக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஊசி தாண்டக் கூடாது என்றவர் என்ன வாங்கினார்? அதைவிட, லொறியையே வெயிலில் நிறுத்தி வைத்தவர் இதை இப்போது எப்படி வாங்குவார்? ஊரெல்லாம் தப்பி, கடைசியில் சொந்தப் புருசனால் வேலை போகப் போகிறதே என்று நினைத்தேன்.

கடைக்கு முன்னால் ஸ்கூட்டியை நிறுத்தினேன். படியில் ஏறவில்லை. மற்றப் படலைகளில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டேன்.

"பார்சல் வந்திருக்கு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையார் படத்துக்கு மேலே இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"நாளைக்கு வருமெண்டெல்லோ போட்டிருந்தது" என்றார், களவு பிடிபட்ட பிள்ளை மாதிரி.

"மிசின் ஒரு நாள் முந்திப்போட்டுது. வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, பொத்தானை அமத்துறன்." சாதாரணமாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் விரலைப் பொத்தானுக்குக் கிட்டக் கொண்டுபோகவில்லை.

அவர் மேசையை விட்டு எழும்பி வந்தார். வாசற்படிக்கு உட்புறம் கொஞ்ச நேரம் நின்றார். எதிர்க் கடைத் தேத்தண்ணிக்காரர் கையில் ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியோடு அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். லொறிச் சாரதிகளுக்கு வடை விற்ற மனிதருக்கு எங்கள் கடையின் சட்டம் தெரியும். என் கணவர் படிக்கு வெளியே இரண்டு கையையும் நீட்டிப் பார்சலை வாங்கினார்.

"இராகு காலமப்பா" என்றேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

"எனக்கு மணிக்கூடு பாக்கத் தெரியும். கெதியா எடும் படத்தை."

அவசரத்தில் முதல் படம் கலங்கிப் போயிற்று. அவர் அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது சரியாக விழுந்தது. பிறகு அவரே பார்சலைத் தூக்கிக்கொண்டு படியைத் தாண்டி உள்ளே போய், மேசையில் வைத்து, பிள்ளையாருக்கு முன்னால் கிடந்த திருநீற்றை எடுத்து முதலில் பார்சலுக்கும் பிறகு தன் நெற்றிக்கும் பூசினார்.

பிரித்தால், நீல நிற மழைக்கோட்டு ஒன்று. பெண்கள் அளவு.

"எங்கடை கடையிலை கிடக்கிறதெல்லாம் ஆம்பிளையளின்ரை அளவு" என்றார் என் முகத்தைப் பாராமல். "போன மாரி நீர் பட்ட பாட்டைப் பாத்தனான்தானே."

"மாரிக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு."

"கிடக்கட்டும். மாரி வரேக்கை உமக்கு வேலை இருக்கவேணுமெல்லே."

மழைக்கோட்டை வாங்கி அங்கேயே போட்டுப் பார்த்தேன். கை அளவாக மணிக்கட்டில் வந்து நின்றது. கழற்ற மனம் வரவில்லை. அடுத்தது ஆஸ்பத்திரி என்று போன் சொன்னது. அந்தக் கொளுத்துகிற வெயிலில் பொத்தான் எல்லாம் பூட்டி, கோட்டின் தொப்பியையும் ஹெல்மெட்டுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு நான் ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கினேன். காவலாளி என்னைப் பார்த்தார். பிறகு வெளியே வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார்.