காது மிஷினுக்குப் போன பணம்

என் நைனாவுக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. முப்பது வருடம் மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்து படகு ஓட்டியவர். எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு. இங்கே ஆண்கள் எல்லோருமே சத்தமாகப் பேசுகிறவர்கள் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருடம் ஏரியில் அவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த படகுக்காரர்கள் கத்தியிருக்கிறார்கள். இவர் திரும்பவே இல்லை. படகின் ஓரம் பிளந்தது, அவருக்குத் தோளில் நல்ல அடி. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

நான் காட்டுப்பள்ளியில் ஒரு கேன்டீனில் வேலை செய்கிறேன். காய் நறுக்குவது, பாத்திரம் கழுவுவது. ஒரு நாள் மத்தியானம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த விளம்பரம் வந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்டவர் ஒரு பெரியவரின் காதில் சின்னதாக எதையோ வைக்கிறார். பெரியவர் அழுகிறார். காது மிஷினாம், விலை ஆயிரத்துத் தொள்ளாயிரம். பொன்னேரியில் கடையில் விசாரித்தபோது இருபதாயிரம் சொல்லியிருந்தார்கள். பார்சல் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்று போட்டிருந்ததால், இதில் ஏமாற்ற வழியில்லை என்று நினைத்துவிட்டேன்.

பழவேற்காடு பஜாரில் காசைக் கொடுத்துப் பார்சலை வாங்கி, பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உள்ளே இருந்தது பாட்டுக் கேட்கிற சாதாரண ஹெட்செட். அது எனக்கு உடனே புரியவில்லை. நைனா இரண்டையும் காதில் மாட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"கேக்குதுமா. நல்லா கேக்குது" என்றார்.

பின்னால் போய் நின்று "நைனா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். சுவரைப் பார்த்துச் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

பெட்டியில் இருந்த நம்பர் வேலை செய்யவில்லை. மறுநாள் கேன்டீனில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால் நின்று, அந்தக் கம்பெனியின் பேரைப் போட்டு போனிலேயே தேடினேன். ஒரு கஸ்டமர் கேர் நம்பர் கிடைத்தது. எடுத்தவன் அவ்வளவு மரியாதையாகப் பேசினான்.

"கவலைப்படாதீங்க மேடம், ரீஃபண்ட் இப்பவே போட்டுடறோம். ஒரு லிங்க் வரும். அதுல உங்க பின் நம்பரப் போடுங்க."

போட்டேன். பணம் வரவில்லை. என் கணக்கிலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு போனது.

"ஐயோ, சர்வர் ப்ராப்ளம் மேடம். இன்னொரு தடவ போடுங்க, ரெண்டும் சேந்து திரும்பி வந்துடும்."

இதைச் சொல்லத்தான் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இன்னொரு தடவை போட்டேன். ஒன்பதாயிரம் போனது. அது அந்த மாதச் சம்பளத்தில் மிச்சமிருந்த மொத்தம். கூட வேலை செய்யும் அக்காதான் போனை என் கையிலிருந்து பிடுங்கி, புகார் கொடுக்கிற நம்பருக்குப் போட்டுக் கொடுத்தார். அவரே எல்லாவற்றையும் சொல்லி, புகார் நம்பரை என் உள்ளங்கையில் பேனாவால் எழுதினார்.

வீட்டில் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அரிசி வாங்கக் காசு இல்லை. காது கேட்காதவரிடம் ரகசியம் சொல்ல முடியாது.

"நைனா, பணம் போய்ட்ச்சி!"

"எங்க போன?"

"நான் போல, பணம் போய்ட்ச்சி! போன்ல ஏமாத்திட்டானுங்க!"

"எவ்ளோ?"

தொகையை மூன்று தடவை கத்த வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை சொல்லி முடிக்கும்போது தெருவில் நாலு பேர் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண், "இன்னாக்கா, அவ்ளோவா?" என்று வாயில் கை வைத்தாள். நைனா என்னைத் திட்டவில்லை. "நான்தான் கேக்குதுனு சொன்னேனே. அப்டியே வுட்ருக்கலாம்ல" என்றார்.

பாங்கில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார். நாலாயிரத்து ஐந்நூறை ஏமாற்றியவர்கள் உடனே எடுத்துவிட்டார்கள். ஒன்பதாயிரம் மட்டும் ஆந்திராவில் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கோர்ட் உத்தரவு இருந்தால்தான் அது திரும்பி வரும்.

"பணம் எங்க இருக்குனு தெரியுதுல்ல சார்?"

"தெரியுதும்மா. எங்களால எடுக்க முடியாது."

பொன்னேரி கோர்ட்டுக்கு நான்கு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போனது. ஒரு காகிதம் இருந்தால் இன்னொன்று இருக்காது. ஒரு முறை, புகாரில் என் பெயரில் ஒரு எழுத்து தப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். நான்காவது தடவைதான் மனுவை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் போன் செய்தாள். தெலுங்கில் பேசினாள். ஏரிக்கு வடக்கே ஆந்திராதான் என்பதால் எங்களுக்கெல்லாம் அந்தப் பேச்சு புரியும். என் பணம் போனது அவள் கணக்குக்குத்தானாம், பாங்கில் கொடுத்த சீட்டில் அந்த வரவுக்குப் பக்கத்தில் என் போன் நம்பர் இருந்ததாம். இறால் உரிக்கிற ஷெட்டில் வேலையாம். தெரிந்தவன் ஒருவன் இரண்டாயிரம் கொடுத்து, அவள் பேரில் கணக்குத் திறந்து கார்டை வாங்கிக்கொண்டு போய்விட்டானாம். ஷெட்டில் கூலியும் அதே கணக்கில்தான் போடுகிறார்கள், அதை அவள் பாஸ்புக்கைக் காட்டி எடுத்துக்கொள்வாளாம். இப்போது கணக்கை முடக்கிவிட்டதால் மூன்று வாரக் கூலி உள்ளே மாட்டிக்கொண்டது.

"அக்கா, உங்க பணத்தை நான் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடறேன். புகாரை வாபஸ் வாங்குங்க அக்கா" என்று தெலுங்கில் அழுதாள்.

நிஜமான அழுகை மாதிரித்தான் இருந்தது. ஆனால் அந்தக் கஸ்டமர் கேர்க்காரனின் மரியாதையும் நிஜம் மாதிரித்தானே இருந்தது. "என் கையில ஒண்ணும் இல்லமா" என்று எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவள் விடாமல் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டேன். நானே வாபஸ் வாங்கினாலும் அந்தக் கணக்கு திறக்காது, அதில் இன்னும் பல பேர் புகார் இருக்கிறது என்றார்கள். கணக்கு முடங்கியிருப்பது நிஜம்தான், அப்படியானால் அவள் பொய் சொல்லவில்லை என்று தோன்றியது. அல்லது அவளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஏழு மாதம் கழித்து, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் ஒன்பதாயிரம் வந்ததாக மெசேஜ் வந்தது. அக்காவிடம் காட்டினேன். அவர் என் தலையில் செல்லமாகத் தட்டினார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் பாங்குக்கும் அலைந்த செலவும் போன கூலியும் அதில் பாதிக்கு மேல். நைனாவுக்கு அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்திருக்கிறோம், இன்னும் கூப்பிடவில்லை. அவர் தனியாக ஏரிக்குப் போவதில்லை, யாராவது ஒருவர் கூடப் போக வேண்டியிருக்கிறது.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் நம்பருக்குப் போட்டேன். பணம் வந்துவிட்டது, உன் கணக்கும் திறந்ததா என்று கேட்க நினைத்தேன். அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை என்று தெலுங்கில் ஒரு குரல் சொன்னது. எந்த ஊர், எந்த ஷெட் என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். பேரைக்கூடக் கேட்கவில்லை.