லிஃப்டில் போடாத பாட்டு

அண்ணன் இறந்த வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒத்திகை பார்த்துவிட்டு வந்ததுபோல ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "என்ன ரசனைங்க அவருக்கு!" சொன்னவர்களில் ஒருவர்கூட அவனோடு உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாகக் கேட்டதில்லை. அவன் கேட்க விட்டதும் இல்லை. ரசனையாம்!

அவன் லிஃப்ட் மெக்கானிக். கட்டடத்தின் உச்சியில், மோட்டார் ஓடும் அறையில், ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பான். இன்னொரு காது மோட்டாருக்கு. அந்தக் காது கம்பிவடம் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்கும். இந்தக் காது யாருக்கும் தெரியாத பாட்டுக்காரர்களைக் கண்டுபிடிக்கும். பனிமலைக்காரர் ஒருவர் மூக்காலேயே பாடுவார். ஜாஸ் வாசிக்கும் ஒரு தபால்காரர். பஸ் டிப்போவில் வேலை செய்துகொண்டே ராப் பாடும் இரட்டையர். மெட்டல் என்ற பெயரில் இரும்புக் கடையை உருட்டித் தள்ளும் நால்வர். எந்த வகை என்பது அவனுக்கு முக்கியமில்லை. வேறு யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரின் போன் அந்தத் தபால்காரரின் டிரம்பெட்டில் அலறியது. அன்றைக்கே அண்ணன் தன் போனிலிருந்து தபால்காரரை மொத்தமாக அழித்தான். "கெட்டுப்போயிட்டான்" என்றான், பாலைச் சொல்வதுபோல.

"என்னையும் யாருக்கும் தெரியாதுன்னுதான் கட்டிக்கிட்டார்போல" என்றாள் அண்ணி. "நாலு பேரு வந்து நல்லாருக்கேன்னு சொன்னா டைவர்ஸ்தான்."

பல் டாக்டர் ஒருவரின் கட்டடத்தில் லிஃப்டைச் சரிபார்க்கப் போனபோதுதான் அவளைக் கண்டுபிடித்தான். டாக்டருக்கு உதவியாக இருந்த பெண். இடுக்கிகளைக் கழுவிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். அவளே எழுதி, அவளே கிட்டார் வாசித்து, இணையத்தில் போட்டுவைத்த பாட்டுகள். கேட்க ஆளில்லை. அண்ணனுக்குப் புதையல் கிடைத்த மாதிரி. ஆறு மாடிக் கட்டடத்தில் அந்த ஒரு லிஃப்ட் மட்டும் ஏன் அடிக்கடி ரிப்பேர் ஆகிறது என்று அவனுடைய சூப்பர்வைசர் குழம்பிப் போனார்.

பிறகு பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றின் லிஃப்டுகளுக்கு ஸ்பீக்கர் வைக்கும் வேலை வந்தது. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை சூப்பர்வைசர் இவன் தலையில் கட்டினார். பெருமையை அடக்க முடியாமல் அதை அவளிடம் போய்ச் சொன்னான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்:

"அண்ணா, அதுல என் பாட்டு ஒண்ணைப் போடுவீங்களா? ஒரு நாளைக்கு எத்தனை பேரு ஏறி இறங்குவாங்க! ஒருத்தராவது யாரு பாடினதுன்னு கேப்பாங்கல்ல? கேக்கலைன்னா விட்டுடறேன்ணா. கிட்டாரைக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

"பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தான். அண்ணியோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"போட்டியா?" என்றேன்.

"பைத்தியமாடி நீ? வெறும் பியானோ டொய்ங் டொய்ங்கைப் போட்டுட்டேன். கண்டவனும் போனை நோண்டிக்கிட்டே கேக்கறதுக்கா அவ பாடறா?"

"அதுக்குத்தான்டா பாடறா. அவளே சொன்னாளே."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்குப் புரியாதுதான். அவளுக்குமா அவ பாட்டு புரியாது?" என்றேன். அண்ணி குழம்பை அவன் தட்டில் கொஞ்சம் ஓங்கியே ஊற்றினாள்.

அந்தப் பெண் சொன்னபடியே செய்தாள். கிட்டாரைக் கொடுத்துவிட்டாள். இணையத்தில் இருந்த பாட்டுகளையும் எடுத்துவிட்டாள். சேதி தெரிந்த அன்று அண்ணன் முகத்தில் வருத்தம் இருக்கும் என்று நினைத்தேன். போனைத் தட்டிக்காட்டி, "இப்ப உலகத்துலயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்றான். கூடப் பிறந்தவன் என்பதால் அன்று அறையாமல் விட்டேன்.

காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பெண்ணும் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் மட்டும் ரசனை பற்றிப் பேசவில்லை. "நல்ல மனுஷன். என் பாட்டு அவருக்குப் பிடிக்கலை, ஆனா அதை மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாரு" என்றாள்.

எனக்கு அழுகை வந்த ஒரே இடம் அதுதான். அழுகையிலும் பாதி ஆத்திரம். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! உலகத்துக்கு வேண்டாம், பாடினவளுக்குச் சொல்வதில் என்ன குறைந்துபோகும்? அண்ணியிடமிருந்து அண்ணனின் போனை வாங்கி அவளிடம் காட்டினேன். அவளுடைய பாட்டுகள் எல்லாம் இருந்தன, ஒன்றுவிடாமல். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"லிஃப்டுல போடச் சொல்லட்டுமா?"

"இப்பவா?" என்றாள். பிறகு, "சொல்லுங்கக்கா" என்றாள்.

அதில் ஒரு பாட்டைச் சூப்பர்வைசரிடம் கொடுத்தேன். "இவனோட பாட்டுக்காரங்கள்ல உயிரோட இருக்கற ஆளு ஒண்ணு இருக்கா? அதிசயம்தான்" என்றார். அந்த வாரமே பியானோவை எடுத்துவிட்டு இதைப் போட்டார்.

வேலை முடிந்த ஒரு மாலையில் அவளும் நானும் போனோம். அண்ணன் பயந்ததில் ஒன்றும் பொய்யில்லை. ஏறியவர்கள் போனை நோண்டினார்கள். ஒரு அம்மாள், "இந்தச் சத்தத்தைக் குறைக்கக் கூடாதா?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டாள். பல்லவி முடிவதற்குள் எல்லோருக்கும் அவரவர் மாடி வந்துவிட்டது. முழுப்பாட்டையும் கேட்பதற்காக நாங்கள் இறங்காமல் மேலும் கீழுமாகப் போய்வந்தோம்.

மூன்றாவது தடவை கூரியர்காரன் ஒருவன் பார்சலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஏறினான். இறங்கும்போது அவன் வாய் அந்த மெட்டை முணுமுணுத்தது. தப்பாகத்தான். கடைசி இழுப்பை மேலே கொண்டுபோக வேண்டிய இடத்தில் கீழே போட்டுவிட்டுப் போனான்.

அண்ணன் இருந்திருந்தால் அவனைத் துரத்திக்கொண்டு போய்ச் சண்டை பிடித்திருப்பான். அந்தப் பாட்டையும் அன்றைக்கே அழித்திருப்பான்.

அவள் திருத்தவில்லை. கதவு மூடியதும், அவன் பாடிய மாதிரியே ஒருமுறை கீழே இறக்கிப் பாடிப் பார்த்தாள்.