மூன்று கிலோ குறைந்த தம்பி

எங்கள் தாய்மாமாவுக்குத் தராசு முள்ளில் நிற்கிற எண்ணை அப்படியே சொல்ல வராது. ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு நின்றவர் அவர். பெண்கள் கொண்டுவரும் கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டுவார், முள்ளைப் பார்ப்பார், மூன்றைக் கழித்துவிட்டுச் சத்தமாகச் சொல்வார். சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று. இன்னொன்று எதற்கென்று யாரும் கேட்டதில்லை. கணக்கப்பிள்ளை அதையே எழுதிக்கொள்வார், சம்பளமும் அதற்குத்தான். ஆபீஸ் உத்தரவு அப்படி. முள் காட்டுவது ஒன்று, வாய் சொல்வது ஒன்று, இதற்குப் பெயர்தான் நிறை என்று பத்து வயதில் நானும் நம்பியிருந்தேன்.

தம்பிக்கு அப்போது மூன்று வயது. ஒரு நாள் விடிந்ததிலிருந்து வலது காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். சோறும் வேண்டாம், பாலும் வேண்டாம். உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்தார். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஓடினாள், பின்னால் நானும் ஓடினேன். டாக்டர் ஐயா டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காதுக்குள் சீழ் பிடித்திருக்கிறது, ஏழு நாள் மருந்து கொடுக்க வேண்டும் என்றார். சின்னப் பிள்ளைக்கு நிறையைப் பார்த்துத்தான் மருந்தின் அளவு. டிஸ்பென்சரித் தராசோ துருவேறி, யார் ஏறினாலும் ஒரே எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது.

"மடுவத்துல நிறுத்துட்டு வாங்க. ஒரு நிமிஷ வேலதான்," என்றார்.

மாமாவுக்குத் தம்பி என்றால் உயிர். இருக்கிற சாக்குகளில் காய்ந்த சாக்காகத் தேடியெடுத்து, அவனை உள்ளே உட்காரவைத்து, கொக்கியில் மாட்டி, விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். முள் ஆடி ஆடிப் பதின்மூன்றில் நின்றது. நான் அதற்கு நேர் கீழேதான் இருந்தேன்.

"பத்து," என்றார் மாமா.

அம்மா முள்ளைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தைச் சுமந்துகொண்டு திரும்பவும் ஓடினோம். தோட்டத்துப் பிள்ளைகள் மெலிந்திருப்பது டாக்டர் ஐயாவுக்குப் புதிதல்ல. மறுகேள்வி கேட்காமல் பத்து என்று துண்டுச் சீட்டில் எழுதினார். ஊசியில்லாத சிரிஞ்சில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். காலை, பகல், இரவு, அந்தக் கோடு வரைக்கும்.

அம்மாவுக்கு அந்தக் கோடு தெய்வவாக்கு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள், ஒரு துளி கூடிவிட்டால் போத்தலுக்கே திருப்பி விடுவாள். பள்ளிக்கூடம் போகாமல் நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, பகல் மருந்துக்குக் கொழுந்தெடுக்கும் மலையிலிருந்து ஓடிவந்து ஓடிப்போவாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை. அப்படியும் மூன்றாம் நாள் காதிலிருந்து சீழ் வடிந்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பினான், வலப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்பவில்லை. இதைக் கண்டுபிடித்தது நான்தான். அம்மாவிடம் சொல்லப் பயந்து பொழுது சாயும்வரை வைத்திருந்தேன்.

சொன்னதும் அம்மா மாமாவிடம் ஓடினாள். மாமா த்ரீவீலர் பிடித்து வந்தார். பதுளைக்குப் போனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தம்பியின் காதுக்குப் பின்னால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். எலும்புக்குப் பரவினால் ஆபத்து என்றார். பிள்ளைக்குக் காது கேட்காமல் போய்விடுமா என்று அம்மா கேட்டாள். அவர் முதலில் பிள்ளையை நிறுக்கச் சொன்னார். தராசில் பன்னிரண்டரை என்று வந்தது. டிஸ்பென்சரித் துண்டை எடுத்துப் பார்த்தார். மருந்து சரிதான், ஆனால் அளவு போதாது, பத்துக் கிலோ என்று யார் நிறுத்தது என்று கேட்டார்.

கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்த சந்தோஷத்தில் நான் சொன்னேன்.

"எங்க மடுவத்துல முள்ளு பதிமூணுலதான் நின்னுச்சு. மாமா மூணு கழிச்சாரு."

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, பழக்கத்துல வாயில வந்திருச்சும்மா," என்றார்.

அம்மா அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நான் அந்த அளவுக்குப் பயந்திருக்கமாட்டேன்.

ஐந்து நாள் வார்டில் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. வீடு திரும்பும்போது கொடுத்த சிரிஞ்சில் கோடு உயரே ஏறியிருந்தது. பழைய சிரிஞ்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வித்தியாசம் என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. இரண்டு வாரம் கழித்து வலப்பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அதன் பிறகுதான் அம்மா திரும்பவும் கொழுந்தெடுக்கப் போனாள். அன்று பின்னேரம் தம்பியைத் தூக்கிக்கொண்டு நானும் மடுவத்துக்குப் போயிருந்தேன். மாமா அம்மாவின் சாக்கைக் கொக்கியில் மாட்டினார். முள் பதினெட்டில் நின்றது.

"பதினஞ்சு," என்றார், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

அம்மா சாக்கை இறக்க விடவில்லை.

"முள்ளுல நிக்கிறதச் சொல்லுங்கண்ணே."

கணக்கப்பிள்ளை எழுதுவதை நிறுத்தினார். வரிசையில் பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சாக்கைத் தரையில் இறக்கி வைத்தார்கள். யாரும் நகரவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தம்பிக்குத்தான் சுகமாகிவிட்டதே, நடந்துபோன ஒன்றுக்காக ஊர் பார்க்க மாமாவை இப்படியா நிறுத்திவைப்பது என்று அம்மாமேல் கோபித்துக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.